பத்தில் ஒரு நொடி

தஹ்ரான் என்றதும் ஈரானின் தலைநகரை நினைத்துவிட வேண்டா. நாம் சொல்வது சவூதி அரேபியாவின் எண்ணெய் நகரை. வளைகுடாப் போர் முடியும் தறுவாயில், 1991 பிப்ரவரி 25 இரவு, ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை ஒன்று அங்கே அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கூடத்தின் மீது விழுந்தது. 28 பேர் மாண்டனர். அதை வானிலேயே மறித்து அழித்திருக்க வேண்டிய பேட்ரியாட் ஏவுகணை புறப்படவேயில்லை.

காரணத்தை அமெரிக்காவின் பொதுக் கணக்காய்வு அலுவலகம் 1992 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையிற் காண்கிறோம். பேட்ரியாட்டின் கணினி காலத்தைப் பத்தில் ஒரு நொடி அலகாக எண்ணிவந்தது. எண்ணிக்கையில் பிழையில்லை, அதை நொடிகளாக மாற்றும் பெருக்கலில்தான் பிழை. பத்தில் ஒன்று என்பது இரும எண்முறையில் முடிவே இல்லாத பின்னம். நம் பழைய கணக்கு வாய்பாட்டின் சொற்களிற் கூறுவதானால், அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் கணினிக்குள் மிச்சமின்றி அடங்கும், இருமா அடங்காது. 24 இலக்க இடத்துக்குள் அதைத் திணிக்க வால் வெட்டப்பட்டது. வெட்டுண்டது ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் கோடியில் ஒரு நொடிக்கும் சற்றுக் குறைவு.

அந்தப் பேட்ரியாட் 100 மணி நேரத்துக்கு மேலாக ஓய்வின்றி இயங்கியிருந்தது. 36 லட்சம் எண்ணிக்கை! கடிகாரம் 0.34 நொடி பிசகிவிட்டது. கண்ட பொருள் அடுத்து எங்கிருக்கும் என்று கணித்து அவ்விடத்தை மட்டுமே ராடார் துழாவும். அந்த இடம் 687 மீட்டர் தள்ளிப்போயிற்று. அங்கே ஏவுகணை இல்லை. ஆகவே இலக்கே இல்லை என்று கணினி முடிவுகட்டிவிட்டது.

ஐரோப்பாவில் விமானங்களை எதிர்க்க, சில மணி நேரத்துக்கொரு முறை இடம்மாற்றி இயக்கவென்று வடிக்கப்பட்ட கருவி அது. பாலைவனத்தில் நாட்கணக்காக ஓரிடத்தில் நிற்கும் என்று யார் எண்ணினார்கள்?

ஆனால் பிழை அறியப்படாததன்று; நம்மை உறுத்துவது இதுதான். எட்டு மணி நேரத்திலேயே பிசகு தெரிவதை இஸ்ரேலியர் பிப்ரவரி 11 அன்றே தெரிவித்துவிட்டனர். கருவியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கினால் கணக்கு சுழியத்திலிருந்து தொடங்கும். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பிடிக்காது. பிப்ரவரி 21 அன்று படைப்பிரிவுகளுக்கு ஓர் எச்சரிக்கையும் போயிற்று: மிக நெடுநேரம் இயக்கினால் இலக்கு விலகக்கூடும் என்று. நெடுநேரம் என்றால் எத்தனை மணி? அதில் எண் இல்லை. 20 மணி நேரத்தில் இலக்கு பார்வைக்கு வெளியே போய்விடும் என்பது பின்னால் அறிக்கை தரும் கணக்கு. அத்தனை நேரம் யாரும் தொடர்ந்து இயக்கமாட்டார்கள் என்று அதிகாரிகள் கருதிக்கொண்டார்களாம். சொல்லாராய்ச்சியே பிழைப்பாய்க் கொண்ட நாம், ஒரு பெயரடை இவ்வளவு விலை கேட்ட இடம் வேறு கண்டதில்லை.

திருத்திய மென்பொருள் பிப்ரவரி 16 அன்றே ஆயத்தம். போர்க்காலப் போக்குவரத்தில் வானூர்தி, தரைவழி என்று மாறிமாறிப் பயணப்பட்டு, அது தஹ்ரானை வந்தடைந்தது பிப்ரவரி 26 அன்று.