சாதகமும் சாத்திரமும்

இசைக்கலை பற்றிய உரையாடல்களில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. இடைவிடாத பயிற்சியும் இலக்கண அறிவும் கலைஞனுடைய படைப்பாற்றலை வளர்ப்பனவா, அன்றி முடக்குவனவா என்பதே அது. கலை பிறவியோடு வருவது. விதிகளைப் படிக்கப் படிக்க ஊற்று வற்றிவிடும் என்பர் ஒரு சாரார். சாத்திரத்தை முற்றக் கற்ற பின்னரே வாய் திறத்தல் வேண்டும் என்பர் மறுசாரார். இரு சாராரும் கலையை அதன் வரலாற்றினின்றும் பிரித்தெடுத்துப் பேசுகின்றனர் என்பதே என் கருத்து. விதி எங்கிருந்து வந்தது, யாருடைய உழைப்பில் விளைந்தது, பின்னர் யார் கையிற் சென்று சேர்ந்தது என்று கேளாமல் இதற்கு விடை காணல் இயலாது.

என்னளவில் இஃது ஏட்டு வினாவன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் தவிற்கலைஞர் ஒருவரின் மகன் படித்தான். இடைவேளைகளில் மேசையிலே ஐந்தும் ஏழும் ஒன்பதுமாகக் கணக்குகளைக் கோத்து வாசிப்பான். எவ்வளவு தூரம் சுற்றினாலும் இறுதியிற் பிசகாமல் சமத்தில் வந்து சேர்வான். சங்கீதப் பாடத்தின் எழுத்துப் பரீட்சையில் அவன் சித்தியடையவில்லை. 35 தாளங்களின் அட்டவணையை அவனால் எழுத முடியவில்லை. அவ்வட்டவணையைப் பிழையற எழுதி அதிவிசேட சித்தி பெற்ற மாணவி ஒருத்தியோ, எளிய கீர்த்தனை ஒன்றைத் தாளம் போட்டுப் பாட இயலாது தடுமாறினாள். பையனின் தந்தையாரிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் சிரித்தார். “உந்தப் பேருகள் எனக்கும் தெரியாது சேர். அஞ்சாலையும் ஏழாலையும் ஒன்பதாலையும் கேளுங்கோ, வாசிச்சுக் காட்டுறன்.” சிரிப்பின் அடியில் ஒரு தாழ்வுணர்ச்சி இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கணக்கைக் கையிலே வைத்திருந்த ஒருவர், அக்கணக்கின் பெயர்ப் பட்டியலுக்கு முன்னால் தம்மைக் கல்லாதவராகக் கருதினார். அறிவும் செயலும் எப்போது, எவ்வாறு இப்படி வேறு வேறாயின?

தமிழில் இசைப்பயிற்சியை விரித்துரைக்கும் பழைய சான்று சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையாகும். ஐந்தாம் வயதிற் பயிலத் தொடங்கிய மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவர் தகுதியும் அங்கே தனித்தனியே வகுத்துரைக்கப்படுகின்றன. பழங்காலக் கலைஞர் விதியறியாது உணர்ச்சி மேலீட்டாற் பாடினர் என்ற கற்பனைக்கு இக்காதை இடந்தருவதில்லை. ஆயின், ஏழாண்டு உழைப்பின் முடிவு யாது? அவள் பெற்ற மாலை 1008 கழஞ்சு பொன்னுக்குத் தெருவிலே விலை கூறப்பட்டது. கோவலன் அதை வாங்கினான். பயிற்சி அவளுடையது, அதன் பயனை விலை பேசியது சமூகம். கலைத்திறனை ஆராய்வோர் இவ்விரண்டையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

இனிக் கருநாடக இசையிலக்கணத்தின் மையமாய் இன்று விளங்கும் 72 மேளகர்த்தாத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இதனை வகுத்தவர் வேங்கடமகி. தஞ்சை நாயக்கர்களின் அமைச்சராயிருந்த கோவிந்த தீட்சிதரின் மைந்தர் அவர். விசயராகவ நாயக்கரின் ஆட்சியில் (1633 – 1673) இயற்றிய ‘சதுர்தண்டிப் பிரகாசிகை’ என்னும் வடமொழி நூலில் இத்திட்டத்தை எடுத்துரைத்தார். கணக்கு எளியது. சட்சமும் பஞ்சமமும் மாறாதவை. ரிஷபமும் காந்தாரமும் இணையத்தக்க வகைகள் 6. தைவதமும் நிஷாதமும் இணையத்தக்க வகைகளும் 6. இவற்றைப் பெருக்க 36. மத்திமம் இரண்டாதலால் 72.

இக்கணக்கு வெறும் மூளையிலிருந்து உதித்ததா? 1550 இல் இராமாமாத்தியர் இயற்றிய ‘சுரமேளகலாநிதி’ 20 மேளங்களைக் கூறியது. அது வழக்கிலிருந்த இசையைக் கண்டு தொகுத்த பட்டியல். அதற்கும் வேங்கடமகிக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு தொழில்நுட்ப மாற்றம் நிகழ்ந்தது. இரகுநாத நாயக்கர் காலத்தில் 24 மெட்டுக்கள் நிலையாகப் பொருத்தப்பெற்ற தஞ்சாவூர் வீணை உருவாயிற்று என்பது மரபுச் செய்தி. இராகத்துக்கு இராகம் மெட்டுக்களை நகர்த்தும் தேவை இதனால் ஒழிந்தது. ஒரு தாயிக்குள் அடங்கும் 12 சுரத்தானங்களும் மெழுகிலே பதித்த மெட்டுக்களாகக் கண்முன் வரிசையாய் நின்றன. நிலைத்து நிற்பவற்றையே எண்ணவும் பெருக்கவும் இயலும். பலாமரத்தைக் குடைந்த தச்சனின் உளியும், மெட்டுக்களைச் செவியால் அளந்து அமைத்தவனின் விரலும் சாத்திரத்திற்கு அடித்தளமிட்டன எனக் கொள்வதற்கு இடமுண்டு. இலக்கியத்தைக் கண்டே இலக்கணம் பிறக்கும் என நம் தமிழாசிரியர்கள் கற்பித்தது இசைக்கும் பொருந்தும். ஆனால் நூலாசிரியரின் பெயரை மனனஞ் செய்யும் மாணவர், வீணை செய்த தச்சருள் ஒருவர் பெயரையேனும் பாடநூலிற் காண்பதில்லை.

தம் காலத்தில் வழக்கிலிருந்தவை 19 மேளங்களே என்பதை வேங்கடமகி மறைக்கவில்லை. எஞ்சிய 53 உம் வெற்றறைகள். சாத்திரம் படைப்பை முடக்கும் என்போர் இவ்வெற்றறைகளின் பிற்கால வரலாற்றைக் கருதுதல் வேண்டும்.

22 ஆம் மேளமாகிய கரகரப்பிரியா இதற்குத் தக்க சான்று. வேங்கடமகியின் முறையில் அந்த அறைக்குரியது ஸ்ரீராகம். ஏழு சுரமும் ஏறியும் இறங்கியும் ஒழுங்காக ஒலிக்கும் கரகரப்பிரியா பிற்கால வகுப்பு முறையில் வந்து சேர்ந்த பெயர். அதற்கு உயிர் கொடுத்தவர் தியாகராசரே (1767 – 1847) என்பது இசையறிஞரின் பொதுக்கருத்து. ‘சக்கனி ராஜ’ முதலிய கீர்த்தனைகள் பிறந்தபின் அது ஏட்டு அளவையாய் இராது, மணிக்கணக்கில் விரித்துப் பாடத்தக்க பேரிராகமாயிற்று. சாத்திரம் இடத்தைக் காட்டியது. கலைஞன் அங்கே குடியேறினான். பின்னாளில் கோடீசுவர ஐயர் (1870 – 1940) 72 மேளங்களிலும் தமிழிற் கீர்த்தனைகள் செய்தார். அவற்றுள் 40 மேளங்கள் விவாதி மேளங்கள். வித்துவான்கள் பலர் தீண்ட அஞ்சியவை. அச்சத்தை வளர்த்தது வழக்கம். அதைக் கடக்கத் துணைநின்றது சாத்திரம்.

ஆயினும் அட்டவணையின் எல்லையையும் உணர்தல் வேண்டும். தோடி 8 ஆம் மேளம். அதன் காந்தாரம் சாதாரண காந்தாரம் என்று எழுதிவிடலாம். ஆனால் பாடுகையில் அக்காந்தாரம் தனக்குரிய தானத்தில் ஓய்ந்து நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கும். அவ்வசைவை நீக்கினால் தோடியே இல்லை. அதைக் குருவின் தொண்டையிலிருந்தோ குழலிலிருந்தோ செவியாற் பெறுதல் வேண்டும். வரைபடம் ஊரைக் காட்டும். ஊரின் மண்வாசனையைக் காட்டாது.

மேலும், அட்டவணை தன் ஒழுங்குக்காக இசையின் பெயர்களையே மாற்றியது. மாளவகௌளைக்கு முன்னே ‘மாயா’ சேர்ந்தது. சங்கராபரணத்துக்கு முன்னே ‘தீர’ சேர்ந்தது. கடபயாதி என்னும் எழுத்தெண் முறையில் முதலாவது 15 ஐயும் இரண்டாவது 29 ஐயும் தருவதற்காகவே இம்முன்னொட்டுக்கள் வந்தன. வடமொழியின் நால்வகைத் தகரங்களுக்கும் அம்முறையில் நால்வேறு எண்கள். தமிழிலோ எழுத்து ஒன்றே. ஆகவே தமிழெழுத்திற் பெயரை எழுதிவைத்து இக்கணக்கைப் போடுதல் இயலாது. நம் மாணவன் விளங்கிக்கொள்ள முடியாத ஒன்றை மனனஞ் செய்கிறான். சாத்திரம் யாருடைய மொழியில், யாருக்காக எழுதப்பட்டது என்பதை இச்சிறு செய்தியே காட்டும்.

பயிற்சியின் வரலாறும் இத்தகையதே. சரளிவரிசை, சண்டைவரிசை, அலங்காரம் என்னும் பாடமுறையைப் புரந்தரதாசர் (1484 – 1564) வகுத்தார் என்பது மரபு. தொடக்கத்திற்கு மாயாமாளவகௌளை அமைந்ததும் பொருத்தமே. முற்பாதியிலும் பிற்பாதியிலும் சுரங்களின் இடைவெளிகள் ஒன்றுபோல் இருப்பதால் இளஞ்செவி எளிதிற் பற்றிக்கொள்ளும். மூன்று காலங்களிலும் நாடோறும் பயின்ற தொண்டை சுரத்தைத் தேடுவதில்லை. மனம் விடுதலை பெற்று அடுத்த சங்கதியை நினைக்கிறது. மனோதர்மம் என்பது இவ்விடுதலையின் பெயர். பயிற்சிக்குள் ஆபத்தும் உண்டு. பழகிய விரல் பழகிய வழியிலேயே ஓடும். ஆயிரம் கச்சேரிகளில் ஒரே பிடிகள் கேட்கும். பழக்கம் சிந்தனைக்குப் பதிலாக அமரும்போது இது நேர்கிறது. அதற்குப் பரிகாரம் பயிற்சியைக் குறைப்பதன்று. பயிலும்போதே செவி கேள்வி கேட்பதாகும்.

நாகசுர மரபை நோக்குவோர் இதனை நன்கு உணர்வர். இசை வேளாளர் குலத்தார் நூல் எழுதியவர் என்று பெரும்பாலும் பெயர் பெறவில்லை. ஆனால் கோயில் வீதியில் இரவிரவாக நகரும் சுவாமியின் முன், புறப்பாட்டுக்கு மல்லாரியும் அதன்பின் நெடுநேர ஆலாபனையுமாக, சொல்லின் துணையின்றி இராகத்தை வளர்த்தவர்கள் அவர்கள். அம்மரபின் சிகரம் திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளை (1898 – 1956). அவருடைய தோடி ஒரு தலைமுறையின் செவியையே மாற்றியது, ஜி. என். பாலசுப்பிரமணியம் போன்ற பாடகரும் அவர் வழியிற் பெற்றுக்கொண்டனர். குட்டையான திமிரி நாகசுரத்தை விடுத்து நீண்ட பாரி நாகசுரத்தை அவர் கைக்கொண்டார். அவருக்காக அதனைத் திருத்தியமைத்தவர் நரசிங்கம்பேட்டை இரங்கநாதன் ஆசாரி. மரத்திலே துளையின் இடத்தைத் திருத்துவதற்கு வேண்டிய அறிவும் இசையிலக்கணமே. அது ஏட்டில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. சபைகள் பாடகருக்கு அளித்த மதிப்பை நாகசுரக் கலைஞருக்கும் வேண்டி இராசரத்தினம்பிள்ளை வாதாடினார் என்பதையும் மறத்தலாகாது.

யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933 – 1975) இம்மரபின் கிளையில் வந்தவர். தந்தையாரிடம் தொடங்கி நாச்சியார்கோயில் இராகவபிள்ளையிடம் வளர்ந்த பயிற்சியே தமிழகமும் வியந்த அக்கற்பனைக்கு அடிப்படை. மட்டக்களப்புக் களரியிலும் நிலை இதுவே. வடமோடிக்கும் தென்மோடிக்கும் உரிய தாளக்கட்டுக்களை அண்ணாவியார் வாய்வழியே மாதக்கணக்கிற் பழக்கிய பின்னரே கூத்து அரங்கேறும். நாட்டார் கலை விதியற்றது என்று புகழ்வோர், அதனைப் பயின்றோரின் உழைப்பை அறியாமலே இகழ்கின்றனர்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. நகரத்து நடுத்தர வகுப்பார் சபைகளை அமைத்தனர். 1928 இல் தோன்றிய சென்னைச் சங்கீத வித்துவத் சபையின் மாநாடுகளில் இராக இலக்கணங்கள் ஆண்டுதோறும் விவாதிக்கப்பட்டன. இசை பாடசாலைக்குள்ளும் பல்கலைக் கழகத்துக்குள்ளும் புகுந்தது. இதனால் விளைந்த நன்மை பெரிது. குலத்தின் வாயிலுக்கு வெளியே நின்ற பிள்ளைகளும் இசை கற்றனர். ஆனால் வாய்வழி அறிவைத் தாங்கி வந்தோர் அதே வேளையில் ‘தியறி’ அறியாதவர் ஆயினர். எழுதக்கூடியது மட்டுமே அறிவு என்ற அளவுகோல் வந்ததும், கையிலும் செவியிலும் இருந்த அறிவுக்குப் புள்ளி இல்லாது போயிற்று.

இதற்கு எதிர்த்திசையிற் சென்ற முயற்சிகளும் உள. ஆசிரியராயிருந்து சித்த வைத்தியரான ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். காரைதீவிற் பிறந்த விபுலானந்தர் 1947 இல் ‘யாழ்நூல்’ வெளியிட்டார். இருவரும் சிலப்பதிகாரத்தையும் கணிதத்தையும் துணைக்கொண்டு, இசைச் சாத்திரத்தைத் தமிழிலே ஆராய்ந்தனர். அவர்களின் முடிபுகள் அனைத்தையும் நாம் ஏற்றல் வேண்டுமென்பதில்லை. சாத்திரம் ஒரு சிலரின் சீதனம் என்ற எண்ணத்தை அவர்கள் உடைத்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனவே, சாத்திரம் வேண்டுமா வேண்டாவா என்பதன்று நம் முன்னுள்ள வினா. செயலிலிருந்து பிறந்த விதி மீண்டும் செயலுக்குத் திரும்பும்போது, தியாகராசரின் கரகரப்பிரியாவைப் போல, புதியதற்கு இடந்தருகிறது. செயலிலிருந்து பிரிந்து சான்றிதழாக மாறும்போது அது உழைத்தவனையே வெளியே நிறுத்துகிறது. இதனை மாற்றுதல் ஆசிரியராகிய நம் கையிலும் ஓரளவு உண்டு. பாட்டிலிருந்து விதிக்குச் செல்லும் வகையிற் பாடத்தை அமைக்கலாம். அயலிலுள்ள தவிற்கலைஞரையும் அண்ணாவியாரையும் ஆசிரியராக வகுப்புக்கு அழைக்கலாம். எழுத்துத் தாளுக்கு உள்ள மதிப்பைக் கைக்கும் செவிக்கும் தருமாறு கோரலாம்.

அந்த மாணவனுக்கு மறு ஆண்டு நானும் அம்மாணவியும் சேர்ந்து உதவினோம். ஏழு தாளம், ஐந்து சாதி, பெருக்கினால் 35 என்று அவள் கரும்பலகையில் எழுத, ஒவ்வொன்றையும் அவன் மேசையில் வாசித்தான். தான் சிறுவயது முதல் வாசித்து வந்த ஒன்றின் பெயர் கண்டசாதித் திரிபுடை என்று அறிந்தபோது அவன் முகம் மலர்ந்தது. அந்தப் பெயருக்கு இப்படியோர் ஓசை உண்டென்பதை அன்றுதான் அவளும் கேட்டாள்.