கூட்டாளியின் நொடிப்பும் தனிப்பொறுப்பும்

கடனிறுக்கும் வலியிழந்த வணிகரை 'நொடித்தார்' என்பது தமிழ் வழக்கு. அவர் நீதிமன்றத்தை அணுகுதலை 'மஞ்சட் கடிதம் கொடுத்தல்' என்பர். காந்திபுரம் முதலிய கோவைக் கடைவீதிகளிலும் இத்தொடர் வழங்குகின்றது. ஒருவர் மஞ்சட் கடிதம் கொடுப்பின், அவர்தம் கூட்டாளியின் வீடும் நிலமும் என்னாகும்? இவ்வினாவை வரலாற்று நோக்கில் ஈண்டு ஆராய்வாம்.

இதற்குத் தக்க சான்று சென்னை ஆர்பத்நாட்டுக் கம்பெனியின் வீழ்ச்சியாகும். பெயரளவில் கம்பெனியாயினும் அது கூட்டாண்மை நிறுவனமே. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டு சென்னையில் இருந்தார். கூட்டாளியாகிய மக்ஃபேடியன் இலண்டனில் வணிகம் நடத்தினார். 1906 அக்டோபரில் மக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டார். அம்மாதம் 22ஆம் நாள் சென்னை நிறுவனம் பணம் கொடுத்தலை நிறுத்திற்று.

அந்நாளில் நடைமுறையில் இருந்தது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். கூட்டு வணிகத்தின் கடன் முழுமைக்கும் கூட்டாளி ஒவ்வொருவரும் பொறுப்பாவர் என்றது அதன் 249ஆம் பிரிவு. இதனைக் கொண்டு, 'பெருஞ்செல்வர் கூட்டாளியாயிருக்க வைப்புப் பணத்திற்கு இடரில்லை' எனக் கருதுவாருமுளர். அது பொருந்தாதென்க. என்னை? 262ஆம் பிரிவின்படி நிறுவனத்தின் சொத்து முதற்கண் நிறுவனக் கடனுக்கும், கூட்டாளியின் தனிச்சொத்து முதற்கண் அவர்தம் தனிக்கடனுக்கும் உரியன. தனிக்கடன் போக எஞ்சியதே நிறுவனக் கடன்காரரை வந்தடையும். எனவே பொறுப்பு எல்லையற்றதாயினும் கைக்கு வரும் பொருள் எல்லையுடையதே.

1907இல் சர் ஜார்ஜ் பதினெட்டுத் திங்கள் கடுங்காவல் தண்டனை பெற்றார். அது கடன்பட்டமைக்கன்று, வஞ்சனைக் குற்றத்திற்கே. நொடிப்பு வேறு, குற்றம் வேறு என்பதை இதனால் அறியலாம்.

கடன்காரர் சார்பில் முயன்ற வி. கிருஷ்ணசாமி ஐயரும் பிறரும் அதே ஆண்டில் இந்தியன் வங்கியை நிறுவினர். அது வரையறுத்த பொறுப்புடைய கூட்டுப்பங்கு நிறுவனம். தனியொருவர் பெயரின்மேல் வைத்த நம்பிக்கை அமைப்பின்மேல் வைக்கப்பெற்றமை இங்குக் கருதத்தக்கது.

1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டமும் பழைய நெறியையே தெளிவுபடுத்திற்று. 34ஆம் பிரிவின்படி, நொடித்தவராகத் தீர்ப்பளிக்கப்பெற்ற நாளில் ஒருவர் கூட்டாளியாதல் ஒழிகின்றார். ஆயினும் 25ஆம் பிரிவின்படி, அவர் கூட்டாளியாயிருந்த காலத்து நிறுவனக் கடன் முழுமையும் எஞ்சிய கூட்டாளியிடமே கேட்கப்பெறலாம். செலுத்தியவர் நொடித்தவர் பங்கினை அவர்தம் சொத்திலிருந்து கோரலாம். ஆனால் பிற கடன்காரரோடு ஒருவராய் நின்றே கோருதல் வேண்டும். 2008ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்த பொறுப்புடைய கூட்டாண்மைக்கு வழி வகுத்தது. அதன்கண் பதிவு பெறாத பழைய முறைக் கூட்டாண்மைக்கு அக்காப்பு இல்லை.

ஆகவே கூட்டாளியின் நொடிப்பு அவரது கூட்டினை முடிக்குமேயன்றி, மற்றவர் கடனை முடிக்காது என்பது துணிபு.