பார்த்தெனான் கோயிலும் இரும்புக் கவ்விகளும்

பண்டைக் கற்கோயில்களைக் காத்தற்குச் செய்யப்பெறும் பழுதுபார்ப்பே அவற்றிற்குக் கேடாய் முடிதலும் உண்டு. ஏதென்சு நகரத்துப் பார்த்தெனான் கோயில் இதற்குத் தக்க சான்றாகும்.

கி. மு. 447-இல் தொடங்கப்பெற்ற இக்கோயிலின் சலவைக்கற்கள் சாந்தின்றி இரும்புக் கவ்விகளாற் பிணைக்கப்பெற்றன. கிரேக்கத் தச்சர் அவ்விரும்பைச் சுற்றி ஈயத்தை உருக்கி வார்த்தனர். ஈயம் ஈரத்தைத் தடுத்தமையின், அவ்விரும்பு நெடுங்காலம் கேடின்றி நின்றது.

1687-இல் நிகழ்ந்த முற்றுகையின்போது உள்ளிருந்த வெடிமருந்து வெடித்துக் கோயில் சிதைந்தது. 1898-இல் தொடங்கி 1933 வரை இடையிட்டு நடந்த பணியில், நிக்கோலாசு பலானோசு என்னும் பொறியாளர் வீழ்ந்த தூண்களை மீண்டும் நிறுத்தினார். அவர் நோக்கம் நன்றே. ஆயின் அவர் இட்ட இரும்பிற்கு ஈயக் காப்பு இல்லை. மழைநீர் புகவே இரும்பு துருவேறிற்று. துரு, தான் தோன்றிய இரும்பினும் மிகுந்த இடத்தை வேண்டுவது. கல்லினுள் அவ்விடம் இன்மையின், கல்லே பிளந்தது.

1975-இல் அமைந்த பாதுகாப்புக் குழுவின் வழிகாட்டலில், அவ்விரும்பை அகற்றி டைட்டானியம் இடும் பணி பின்னர்த் தொடங்கிற்று. இவ்வுலோகம் துருவேறாது, வெப்பத்தால் விரியும் அளவிலும் சலவைக்கல்லோடு பெரிதும் ஒத்தது. நிலநடுக்கம் நேரின் கல் உடையுமுன் உலோகமே நெகிழுமாறு அதன் கனம் கணக்கிடப்பெறுகின்றது.

இதனால் பெறப்படுவது யாது? பழுதுபார்க்கும் பொருள் கல்லை வெல்லும் வலிமையுடையதாதல் சிறப்பன்று. கல்லின்பொருட்டுத் தான் முன்னர் அழிவதே அதற்குத் தகுதியாம்.