மட்டக்குதிரைப் பாதையில் ஓடியவர்கள்

மலைமீது ஓடிப் பார்க்கும் விருப்பம் பொழுதும் பொருளும் மிகுந்த பிரபுக்களின் உல்லாசமாகத்தான் தோன்றியிருக்க வேண்டும் என்று நாம் எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் ஸ்காட்லாந்து தேசத்தின் மேற்குக் கரையில், ஃபோர்ட் வில்லியம் என்னும் சிற்றூரின் அருகே 1,345 மீட்டர் உயர்ந்து நிற்கும் பென் நெவிஸ் சிகரத்தின் சரித்திரத்தை ஊன்றிப் பார்ப்பவர்களுக்கு, அங்கே அந்த ஓட்டத்தைத் தொடங்கி வளர்த்தவர்கள் மலையிலும் அதன் அடிவாரத்திலும் உழைத்து ஜீவித்த சாமானியர்களே என்பதும், அவர்கள் ஓடுவதற்குப் பாதை அமைந்தது விஞ்ஞானத்தின் உபயத்தால் என்பதும் தெளிவாக விளங்கும்.

பிரிட்டனில் இதைவிட உயர்ந்த சிகரம் வேறில்லை. இமயத்தின் உயரத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் அடிவாரம் ஏறக்குறையக் கடல் மட்டத்திலேயே இருப்பதால், அந்த உயரம் முழுவதையும் ஓர் அடி குறையாமல் காலாலேயே ஏறித் தீர வேண்டும். உச்சியில் ஆண்டுக்குச் சுமார் 4,350 மில்லிமீட்டர் மழை பொழிகிறது; ஆண்டின் சராசரி உஷ்ணநிலையோ நீர் உறையும் நிலையை ஒட்டியே நிற்கிறது. வடபுறம் முழுவதும் செங்குத்தான பாறை. மேல்தளத்தில் மூடுபனி கவிந்துவிட்டால் வந்த வழி எது, பாதாளத்தில் தள்ளும் விளிம்பு எது என்று அனுபவசாலியும் அறியமாட்டான்.

இத்தகைய இடத்துக்குத் தினந்தோறும் செல்ல ஒருவர் முன்வந்தார் என்றால் அது வியப்புக்குரியதே. கடல் மட்டத்தில் ஒரு காற்றழுத்தமானியையும், அதற்கு அருகிலேயே ஆகாயத்தை அளாவிய ஓர் இடத்தில் மற்றொன்றையும் வைத்து, ஒரே வேளையில் இரண்டையும் பார்த்துக் குறித்து வந்தால் புயலின் போக்கை முன்கூட்டி அறியலாம் என்று ஸ்காட்லாந்தின் வானிலைச் சங்கத்தார் கருதிய காலம் அது. 1881-ஆம் ஆண்டின் கோடையில் கிளெமென்ட் ராக் என்பவர் அந்தப் பொறுப்பை ஏற்று, ஜூன் மாதம் முதல் அக்டோபர் வரையில், மழையென்றும் காற்றென்றும் பாராமல் நாள்தோறும் சிகரம் ஏறி இறங்கினார். அவருடைய மனைவியோ கீழே கடலோரத்தில் இருந்துகொண்டு, அவர் அளவெடுக்கும் அதே வேளைகளில் தாமும் அளவெடுத்துக் குறித்து வந்தார். சங்கத்தார் ராக்குக்குத் தங்கப் பதக்கம் அளித்துக் கௌரவித்தனர். அவர் ஓட்டக்காரர் அல்லர். எனினும் குறித்த இடத்துக்குக் குறித்த நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்னும் நியதியை அந்த மலையில் முதன்முதலாகத் தம் கால்களுக்கு விதித்துக்கொண்டவர் அவரே என்பதால், பிற்காலத்து ஓட்டக்காரர்களின் முன்னோராக அவரைக் கொள்வதில் பிழையில்லை என்பது என் கருத்து.

அவருடைய பிரயாசையின் பலனாகப் பொதுமக்கள் நன்கொடை திரண்டு, 1883 அக்டோபரில் உச்சியிலேயே ஒரு வானிலை நிலையம் திறக்கப்பட்டது. கருவிகளையும் உணவையும் நிலக்கரியையும் மேலே கொண்டு செல்வதற்காக, மட்டக்குதிரைகள் ஏறக்கூடிய சரிவுடன், கிளென் நெவிஸ் பள்ளத்தாக்கிலிருந்து வளைந்து வளைந்து செல்லும் ஒரு பாதையை அவ்வாண்டிலேயே வெட்டினார்கள். ஏறிப் பார்க்க வரும் மற்றவர்களிடம் நடந்து சென்றால் ஒரு ஷில்லிங்கும், குதிரைமேல் சென்றால் மூன்று ஷில்லிங்கும் ஆயம் வசூலித்தார்கள். மேலே வாசம் செய்த உத்தியோகஸ்தர்கள் இரவு பகல் என்னும் பேதமின்றி மணிக்கொரு முறை வெளியே வந்து கருவிகளைப் பார்த்தாக வேண்டும். காற்று மிகுந்த நாட்களில் ஒருவரையொருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு போனதும் உண்டு. வாசலைப் பனி மூடிவிடும் பருவத்துக்கென்றே மேலே ஒரு கோபுரம் கட்டி, அதன் வழியாக வெளியேறினார்கள். 1894 செப்டம்பரில் அங்கே சில நாட்கள் பணிபுரியச் சென்ற சி. டி. ஆர். வில்சன் என்னும் இளைஞர், மேகத்தின்மேல் சூரிய ஒளி விளைத்த வர்ண வளையங்களைக் கண்டு, அவற்றைத் தம் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிப் பார்க்க ஆசைப்பட்டார். அந்த ஆசையிலிருந்து பிறந்த முகில் அறை என்னும் கருவிக்காகவே 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஓட்டத்துக்கும் இதற்கும் நேரான சம்பந்தம் இல்லை. எனினும் அந்தப் பாதையின் வழியே எத்தகைய மனிதர்கள் போய் வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

வில்சன் சென்று வந்த மறு ஆண்டு, அதாவது 1895-இல், ஃபோர்ட் வில்லியத்தில் முடிதிருத்தும் தொழில் செய்து வந்த வில்லியம் ஸ்வான் என்பவர் ஊரிலிருந்து புறப்பட்டு, உச்சியைத் தொட்டு, 2 மணி 41 நிமிஷத்தில் திரும்பினார். இந்த மலையில் காலக் கணக்குடன் நிகழ்ந்த ஓட்டங்களில் இதுவே முதலாவது என்பர். மலையுச்சியில் எந்நேரமும் ஆட்கள் விழித்திருந்ததும், அங்கிருந்து ஊர்த் தபால் நிலையம் வரை தந்திக் கம்பி ஓடியதும், இத்தகைய பந்தயங்களுக்கு ஒரு நம்பகத்தை அளித்திருக்க வேண்டும். 1898 ஜூன் 3-ஆம் தேதி முறையான முதற்போட்டி நடந்தது. அருகிலுள்ள பானவி என்னும் ஊரில் ஒரு ஹோட்டல் வாசலிலிருந்து பத்துப் பேர் புறப்பட்டனர். தூரம் முன்னதைவிட அதிகம். டார் காஸில் தோட்டத்தில் வேட்டைப் பிராணிகளைக் காவல் காத்து வந்த ஹியூ கென்னடி என்னும் இருபத்தொரு வயது வாலிபர் வென்றார். அவர் எடுத்துக்கொண்ட காலமும் தற்செயலாக அதே 2 மணி 41 நிமிஷமே.

ஆனால் இந்தச் சரித்திரத்தில் என் நெஞ்சைக் கவர்ந்தவர் ஈவன் மக்கென்ஸி. அவர் வானிலை நிலையத்தின் பாதைப் பணியாளர். மழைநீர் அரித்த இடத்தை நிரவுவதும், சரிந்த கல்லை எடுத்து வைப்பதும், குதிரையின் குளம்பு வழுக்காமல் வழியைச் செப்பனிடுவதும் இத்தகைய பணியாளரின் கடமைகள். எந்த வளைவில் நீர் தேங்கும், எந்தச் சரிவில் சரளைக்கல் காலை வாரும், எந்தப் பாறையை நம்பிக் கால் ஊன்றலாம் என்பதெல்லாம் கைகளால் தொட்டு வேலை செய்தவனுக்கு அல்லவோ தெரியும்? 1903-இல் பாதையின் அடியிலுள்ள ஆக்கின்டீயிலிருந்து உச்சி வரையில் மட்டும் ஒரு போட்டி நடந்தபோது ஒரு மணிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் ஏறி அவரே முதலாவதாக வந்தார். அதே ஆண்டில் தபால் நிலையத்திலிருந்து புறப்பட்டு மீளும் முழு ஓட்டத்தை 2 மணி 10 நிமிஷத்தில் முடித்தார். இதை எவரும் முறியடிப்பதற்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. பயிற்சியாளர் வகுத்துத் தரும் முறைகளைப் பற்றி இன்று எவ்வளவோ பேசுகிறோம். மக்கென்ஸிக்கு அன்றாட வேலையே பயிற்சியாக இருந்தது.

மறு ஆண்டே, அரசாங்கத்தின் பொருளுதவி போதாமையால், வானிலை நிலையம் மூடப்பட்டது. அதனுடன் பந்தயங்களும் நின்றுபோயின. எந்நேரமும் விழித்திருந்த ஆட்கள் இல்லாமற்போன உச்சிக்குப் பந்தயம் வைத்து ஓட யாருக்கு மனம் வரும்? 1911-இல் ஹென்றி அலெக்ஸாண்டர் என்பவர் ஒரு ஃபோர்டு மோட்டார் வண்டியை விளம்பரத்துக்காக உச்சி வரை ஏற்றிச் சென்று பெரும்புகழ் அடைந்தார். பல நாட்கள் பாடுபட்டே வண்டி மேலே போயிற்று. மக்கென்ஸி ஒரு காலைப் பொழுதுக்குள் முடித்த காரியம் அது. 1927-இல் ஓட்டத்துக்கு மறுபடி உயிர் வந்தபோது, அதற்கு முன்னின்றவரும் அதே ஊரில் முடிதிருத்தும் தொழில் செய்த ஒருவரே, ஜார்ஜ் மக்ஃபர்லேன் என்பவர்.

பெண்களுக்கோ அந்தப் பந்தயம் நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. 1955-இல் காத்லீன் கானாக்கி என்னும் பதினாறு வயதுப் பெண் ஓட முன்வந்தபோது, ஆடவரோடு சேர்ந்து புறப்பட அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவர்கள் புறப்பட்டுப் போன பிறகு தனியே தொடங்கி, 3 மணி 2 நிமிஷத்தில் அவள் திரும்பி வந்து சேர்ந்தாள். அதன் பின்னும் பல ஆண்டுகள் கழித்தே பெண்கள் முறைப்படி பந்தயத்தில் சேர்க்கப்பட்டார்கள். கண்ணெதிரே ஒரு சிறுமி ஏறி இறங்கிக் காட்டிய உண்மையை ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது அநியாயம் என்றே சொல்வேன்.

இப்போது செப்டம்பர் மாதத்து முதல் சனிக்கிழமையில் நடைபெறும் இந்த ஓட்டத்தின் தூரம் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். பாதி வழியில் சிவந்த ஓடை என்று பொருள்படும் பெயருடைய நீரோடையைக் கடந்த பிறகு, மக்கென்ஸி காலத்துப் பாதையின் வளைவுகளும் பெயர்ந்து கிடக்கும் கற்களுமாக ஏற்றம் கடுமையாகிறது. இறங்கும்போது புல்சரிவில் நேராக விழுந்து ஓடுபவர்களின் தொடைத் தசைகள் படும் வேதனை ஏற்றத்தின் வேதனையைவிடக் கொடியது. வேறு மலையோட்டங்களில் அனுபவம் பெற்றிராதவர்களைச் சேர்ப்பதில்லை. மழைச் சட்டையும் தொப்பியும் கையுறையும் ஊதுகுழலும் ஒவ்வொருவரும் கொண்டு செல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் உச்சியை எட்டாதவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள். 1980-இல் வானிலை மிகக் கெட்டிருந்தமையால் பந்தயமே நிறுத்தப்பட்டது. 1984-இல் கென்னி ஸ்டூவர்ட் 1 மணி 25 நிமிஷம் 34 விநாடியிலும், அதே நாளில் பாலின் ஹாவர்த் என்னும் பெண்மணி 1 மணி 43 நிமிஷம் 25 விநாடியிலும் ஓடி முடித்தனர். பெண்மணியின் சாதனையை 2018-இல் விக்டோரியா வில்கின்சன் 24 விநாடிகளால் கடந்தார். ஸ்டூவர்ட்டின் சாதனையோ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒருவராலும் கடக்கப்படவில்லை.