பிரிட்டன் அரசின் ஒற்றை இணைய வாசல்

பிரிட்டன் அரசின் தகவல்கள் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான இணையதளங்களில் சிதறிக் கிடந்தன. எந்தத் துறையிடம் கேட்பது என்று தெரிந்தவருக்கே விடை எளிதில் கிடைத்தது. 2004இல் வந்த டைரக்ட்கவ் என்ற தளம் குடிமக்களுக்கானவற்றை ஓரளவு திரட்டியது. வணிகர்களுக்கு பிசினஸ் லிங்க் என்ற தளம் தனியே இயங்கியது. 2010இல் தொழில்முனைவோரான மார்த்தா லேன் ஃபாக்ஸ் அரசுக்கு அளித்த அறிக்கை எல்லாவற்றையும் ஒரே தளத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. 2012 அக்டோபர் 17 அன்று கவ்.யூகே என்ற அந்த ஒற்றைத் தளம் டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் இரண்டின் இடத்தையும் பிடித்தது. துறையின் பெயரே தெரியாதவரும் வாகன வரி, கடவுச்சீட்டு என்று தம் தேவையைத் தட்டச்சு செய்து உரிய பக்கத்தை அடைய முடிந்ததுதான் பெரிய மாற்றம். அதைவிட முக்கியமானது மொழி: சட்ட நடையில் இறுகியிருந்த விளக்கங்கள் எளிய சொற்களில் புதிதாக எழுதப்பட்டன. அமைச்சகங்கள் 2013இலும், பெரும்பாலான முகமைகள் 2014 இறுதிக்குள்ளும் இத்தளத்துக்கு இடம்பெயர்ந்தன.