துஆ அல்-கரவான்

‘துஆ அல்-கரவான்’ 1959இல் வெளிவந்த எகிப்திய அரபுத் திரைப்படம்; கறுப்பு வெள்ளைப் படம். தாஹா ஹுசைன் 1934இல் வெளியிட்ட இதே பெயருடைய நாவலைத் தழுவி யூசுஃப் ஜவ்ஹரும் இயக்குநர் ஹென்றி பரக்காத்தும் சேர்ந்து திரைக்கதை எழுதினார்கள். ஃபாதின் ஹமாமா, அஹ்மத் மஸ்ஹர், ஸஹ்ரத் அல்-உலா, அமீனா ரிஸ்க் ஆகியோர் முக்கிய வேடங்களில் நடித்தனர். ஒளிப்பதிவு வஹீத் ஃபரீத். இசை, எகிப்தில் வாழ்ந்த கிரேக்க வம்சாவளியினரான ஆந்த்ரே ரைடர். அக்காளின் சாவுக்குக் காரணமானவனைப் பழிவாங்க அவன் வீட்டுக்கே வேலைக்காரியாகப் போகும் தங்கை, அவனையே நேசிக்க நேர்வதுதான் கதை. குடும்ப மானத்தின் பெயரால் நடக்கும் கொலையை மழுப்பாமல் பார்த்த அரபுப் படங்களில் இதற்குத் தனி இடம் உண்டு.

கரவான் என்பது நைல் கரையில் இரவில் கூவும் பறவை, நம் கண்கிலேடிக்கு உறவு. ஆட்சியெல்லாம் உனக்கே என்று அது இறைவனை நோக்கிக் கூவுவதாக எகிப்திய மக்கள் சொல்வார்கள். அக்காள் கொலையுண்ட இரவில் கேட்ட அந்தக் கூவல் கதை நெடுகிலும் தங்கை ஆம்னாவைத் தொடர்ந்து வருகிறது. அதனால்தான் தலைப்பில் ‘துஆ’, அதாவது இறைவேண்டல், இருக்கிறது.

நாவலும் அதன் ஆசிரியரும்

தாஹா ஹுசைன் (1889–1973) மேல் எகிப்தின் மின்யா மாகாணத்தில் மகாகா அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோது கண்நோய்க்குச் செய்த கைவைத்தியம் பொய்த்துப் பார்வையை இழந்தார். அல்-அஸ்ஹரில் படித்து, புதிதாக எழுந்த எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் 1914இல் முனைவர் பட்டம் பெற்று, பிறகு பாரிஸ் சென்று இப்னு கல்தூனைப் பற்றி ஆய்வு செய்தார். இஸ்லாத்துக்கு முந்தைய அரபுக் கவிதைகளைப் பற்றி 1926இல் அவர் எழுதிய நூல் பெரும் புயலைக் கிளப்பியது. 1932இல் இஸ்மாயில் சித்கியின் அரசு அவரைக் கலைப்புல முதல்வர் பதவியிலிருந்து அகற்றியது. 1934 இறுதியில்தான் அவர் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். பதவியும் மாணவர்களும் இல்லாத அந்த இடைவெளியை ஒட்டியே இந்த நாவல் வெளிவந்தது. கரவானைப் பாடி ஒரு கவிதைத் தொகுதியே வெளியிட்டிருந்த அப்பாஸ் மஹ்மூத் அல்-அக்காதுக்கு அதைக் காணிக்கையாக்கினார்.

அல்-அஸ்ஹரில் பயின்ற ஓர் அறிஞர், படிப்பறிவு பெறப் போராடும் ஏழை வேலைக்காரப் பெண்ணின் குரலில், தன்மையில் கதை சொன்னது அன்றைய அரபு இலக்கியத்தில் துணிச்சலான காரியம். ஆம்னா யாருடைய பரிவுக்கும் காத்திருப்பதில்லை. பார்க்கிறாள், கணக்குப் போடுகிறாள், முடிவெடுக்கிறாள். பார்வையற்ற எழுத்தாளர் என்பதால் கதையின் உச்சங்களெல்லாம் காதால் உணரப்படுபவையாக அமைந்திருக்கின்றன என்று சொன்னால் மிகையாகாது. கொலை இருட்டில் நடக்கிறது. நினைவில் நிற்பது ஓசைதான்.

கதை

பாலைவன விளிம்பில் உள்ள ஒரு கிராமம். பெண் சபலம் கொண்ட குடும்பத் தலைவன் அந்த வழியிலேயே கொல்லப்படுகிறான். தவறு செய்தவன் அவன்; ஊரைவிட்டு விரட்டப்படுபவர்கள் அவன் மனைவியும் இரண்டு மகள்களும். விரட்டுபவர் பெண்களின் தாய்மாமன். திருமணமான பிறகும் பெண்ணின் மானத்துக்குப் பிறந்த வீட்டு ஆண்களே பொறுப்பு என்பது அந்தச் சமூகத்தின் கணக்கு. பெயர் கெட்ட குடும்பத்தின் பெண்கள் கண்ணெதிரே நடமாடினால் தன் வீட்டுக்கு இழுக்கு என்று மாமன் கருதுகிறார். மானம் என்ற கடனை ஆண்கள் வாங்குவதும் பெண்கள் அடைப்பதுமான இந்த ஏற்பாட்டைக் கதை தன் முதல் பக்கங்களிலேயே காட்டிவிடுகிறது. பின்னால் வருவதெல்லாம் இதன் வட்டிதான்.

சிறு நகரமொன்றுக்கு வந்து மூவரும் வீட்டுவேலைக்குப் போகிறார்கள். தங்கை ஆம்னாவுக்கு மஃமூர் எனப்படும் வட்டார அதிகாரியின் வீடு கிடைக்கிறது. அவர் மகள் கதீஜாவோடு உட்கார்ந்து எழுத்தும் படிப்பும் கற்றுக்கொள்கிறாள். அக்காள் ஹனாதிக்குத் தனியாக வாழும் இளம் நீர்ப்பாசனப் பொறியாளரின் வீடு. பாசன இலாகாவின் பொறியாளர் என்றால் அன்றைய நாட்டுப்புற எகிப்தில் சாதாரணமானவர் அல்லர். வாய்க்கால் தண்ணீர் எப்போது, யாருக்கு என்பது அவர் கையில் இருந்தது. அரசு வீடு, அரசுச் சம்பளம், கேள்வி கேட்க ஆளில்லை. ஹனாதி அவனிடம் தன்னை இழக்கிறாள். செய்தி தாய்க்குத் தெரிகிறது. பதறிப்போன தாய் மகள்களை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்புகிறாள். சொந்த அண்ணனுக்குச் சொல்லி அனுப்புகிறாள். அழைத்துப் போக வந்த தாய்மாமன் வழியில், இரவில், ஹனாதியைக் குத்திக் கொன்று அங்கேயே புதைக்கிறார்.

இந்தத் தாயை வெறுக்க முடிவதில்லை. மகளைக் கொல்லச் சொல்லி அவள் ஆள் அனுப்பவில்லை. ஆதரவற்ற பெண் தன் பிறந்த வீட்டு ஆணைக் கூப்பிட்டாள், அவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அதுவே. அந்தப் பாதுகாப்பு கத்தியோடு வருகிறது.

ஆம்னா தப்பித்து நகரத்துக்கு ஓடிவருகிறாள். கதீஜாவுக்கு அதே பொறியாளரை மணம் பேசுவதை அறிந்து அதைத் தடுக்கிறாள். பிறகு பழிவாங்கும் எண்ணத்தோடு அவன் வீட்டிலேயே வேலைக்குச் சேர்கிறாள். ஹனாதியை வீழ்த்திய அதே வழிகளை அவன் இவளிடமும் கையாள்கிறான். இவள் மசிவதில்லை. மறுக்க மறுக்க அவன் மாறுகிறான். அவன் மாறுவதைப் பார்க்கப் பார்க்க இவள் உறுதி தளர்கிறது. எதிரியின் வீட்டில் தேநீர் போட்டுக் கொடுத்தபடி, அவன் காலடி ஓசைக்காகத் தான் காத்திருப்பதை அவள் கண்டுகொள்ளும் கட்டமே இந்தக் கதையின் உயிர். மாமன் எடுத்த பழி ஒரு வகை. அவள் மனத்தில் சுமப்பதும் பழிதான். ஆனால் அது ஹனாதிக்காக எடுப்பது, குலப்பெயருக்காக அல்ல. அக்காளுக்கு நியாயம் தேடிப் போனவள், காதலித்தால் அக்காளுக்குத் துரோகம் செய்தவளாகிவிடுவாள். குடும்பமும் காதலும் மோதுவதாகப் பொதுவாகச் சொல்லப்படும் கதைகளில் குடும்பம் வெளியே நிற்கும். இங்கே அது அவளுக்குள்ளேயே நிற்கிறது.

படம்

ஹென்றி பரக்காத் (1914–1997) கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் பிறந்தவர். பாட்டுப் படங்களிலும் காதல் படங்களிலும் கைதேர்ந்தவர். ஃபாதின் ஹமாமாவோடு அவர் சேர்ந்த படங்களின் வரிசையில் இது உச்சம். பின்னர் ‘அல்-பாப் அல்-மஃப்தூஹ்’ (1963), கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன ‘அல்-ஹராம்’ (1965) ஆகியவை வந்தன. மூன்றும் சேர்ந்து பெண்ணின் உடலைப் பற்றி எகிப்தியச் சமூகம் வகுத்த சட்டங்களை மூன்று வேறு வர்க்கங்களில் வைத்துப் பேசுகின்றன.

1931இல் பிறந்த ஃபாதின் ஹமாமா, முஹம்மத் அப்துல் வஹாபின் ‘யவ்ம் ஸயீத்’ (1940) படத்தில் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமானவர். அரபுத் திரையின் சீமாட்டி என்று பட்டம் பெற்றவர். அதுவரை பெரும்பாலும் ஒடுங்கி அழும் நல்ல பெண்ணாகவே ரசிகர்கள் அவரைப் பார்த்திருந்தார்கள். ஆம்னாவாக அவர் கண்ணீரைக் குறைத்துக்கொண்டார். தலைமுக்காட்டுக்குள் தெரியும் முகத்தில் வெறுப்பு, பயம், ஆசை மூன்றும் மாறி மாறி வந்து போகும், வார்த்தைகள் குறைவு. நாட்டுப்புறப் பேச்சுமொழியில் அவர் பேசும் வசனங்களும், பின்னணியில் ஒலிக்கும் ஆம்னாவின் தன்மொழியும் நாவலின் குரலை ஓரளவு திரைக்குக் கொண்டுவருகின்றன.

அஹ்மத் மஸ்ஹர் குதிரைப்படை அதிகாரியாக இருந்து நடிக்க வந்தவர். ராணுவக் கல்லூரியில் ஜமால் அப்துல் நாஸர், அன்வர் சாதாத் ஆகியோரோடு 1938இல் வெளிவந்த அணியைச் சேர்ந்தவர். அவருடைய மிடுக்கான தோற்றம் இங்கே இரண்டு வேலை செய்கிறது. ஹனாதி ஏன் விழுந்தாள் என்பது முதல் காட்சியிலேயே புரிந்துவிடும். அதிகாரம் பழகிய ஆண் தோற்றுப்போவதைப் பார்ப்பதற்கும் அந்த மிடுக்கு வேண்டியிருக்கிறது. தாயாக வரும் அமீனா ரிஸ்க், யூசுஃப் வஹ்பியின் ரம்ஸீஸ் நாடகக் குழுவில் வளர்ந்தவர். தாய்மாமனாக அப்துல் அலீம் கத்தாப் நடித்தார். கதீஜாவாக வந்த ரஜா அல்-கிதாவிக்கு இது தொடக்ககாலப் படங்களில் ஒன்று. 2020இல் இறக்கும்வரை அவர் நடித்துக்கொண்டிருந்தார்.

வஹீத் ஃபரீதின் ஒளிப்பதிவு நாவலில் ஓசையாக இருந்ததை இருட்டாக மாற்றுகிறது. வெட்டவெளியில் நடக்கும் கொலையில் மனிதர்கள் மிகச் சிறியவர்களாகத் தெரிகிறார்கள். பொறியாளரின் வீட்டுக்குள் வந்ததும் சட்டகம் நெருங்கி, கதவுகளும் மாடிப்படிகளும் ஆம்னாவைச் சூழ்ந்துகொள்கின்றன. படம் பிந்தைய பகுதியில் சில இடங்களில் காதல் படங்களின் வழக்கமான இசைப் பெருக்குக்கு இணங்கிவிடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். ஹனாதி இறக்கும் காட்சியின் இறுக்கம் அங்கெல்லாம் இல்லை.

மாற்றப்பட்ட முடிவு

நாவலில் பொறியாளர் சாவதில்லை. மாற்றலாகிக் கெய்ரோவுக்குப் போகும்போது ஆம்னாவையும் அழைத்துப் போகிறான். ஹனாதி யார் என்ற உண்மையை அவனிடம் அவள் சொல்கிறாள். குற்றத்தின் நினைவையும் காதலையும் இருவரும் சேர்ந்தே சுமந்தாக வேண்டும் என்ற நிலையில் தாஹா ஹுசைன் கதையை நிறுத்துகிறார்.

படத்தில் ஆம்னா உண்மையைச் சொல்லிவிட்டு, உங்களுக்கும் எனக்கும் நடுவே ஹனாதி இருக்கிறாள் என்ற நினைப்போடு வெளியேறத் துணிகிறாள். வெளியே அவளைக் கொல்லத் துப்பாக்கியோடு தாய்மாமன் காத்திருக்கிறார். குண்டைப் பொறியாளர் தன்மேல் வாங்கிக்கொண்டு இறக்கிறான். முடிவில் தாஹா ஹுசைனின் சொந்தக் குரலே ஒலிக்கிறது. தான் எழுதாத முடிவுக்கு அவரே குரல் தந்து நின்றது அரிய நிகழ்ச்சி.

இந்த மாற்றத்தைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசலாம். ஹனாதியைக் கெடுத்தவன் அவள் தங்கையை மணந்து நிம்மதியாக வாழ்வதைத் திரையரங்கில் அமர்ந்திருப்பவர்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்களா என்பது நியாயமான கேள்வி. மேலும், மானக்கொலை ஒருமுறையோடு தீர்ந்துவிடுவதில்லை, அது மறுபடியும் இரை தேடி வரும் என்பதை இந்த முடிவு நாவலைவிடக் கண்கூடாகக் காட்டுகிறது. ஆனால் இழப்பும் இருக்கிறது. சாவு அவனுடைய குற்றத்தைக் கழுவி அவனைத் தியாகியாக்கிவிடுகிறது. உயிரோடு இருந்து, ஒவ்வொரு நாளும் ஆம்னாவின் முகத்தில் ஹனாதியைப் பார்க்க வேண்டிய தண்டனையை நாவல் அவனுக்கு விதித்திருந்தது. நாவலின் முடிவே கடினமானது, உண்மைக்கு நெருக்கமானதும் அதுவே.

இதே 1959இல் பரக்காத் எடுத்த இன்னொரு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ‘ஹசன் வ நயீமா’ எகிப்திய நாட்டார் பாடலிலிருந்து எடுத்த கதை. சுஆத் ஹுஸ்னியின் முதல் படம். ஊர் ஊராகப் பாடித் திரியும் ஹசனை நயீமா காதலிக்க, மானம் போனதாகக் கொதித்த அவள் வீட்டார் அவனைக் கொன்றுவிடுவது நாட்டார் கதை. படத்தில் காதலர்கள் பிழைத்துச் சேர்கிறார்கள். ஆக ஒரே ஆண்டில் ஒரே இயக்குநர், மக்கள் சாகடித்த காதலனைப் பிழைக்கவைத்தார். எழுத்தாளர் பிழைக்கவைத்தவனைச் சாகடித்தார். குற்றமற்ற காதலுக்கு வாழ்வும், குற்றத்தில் முளைத்த காதலுக்குச் சாவும் தரும் இந்த நீதிக்கணக்கு, அன்றைய பார்வையாளர்கள் எதுவரை வரத் தயாராக இருந்தார்கள் என்பதற்குச் சான்று. குடும்பத்தின் கத்தியைக் கண்டிக்க அவர்கள் தயார். தவறிய பெண்ணும் தவறவைத்த ஆணும் தண்டனையின்றி வாழ்வதை ஏற்க இன்னும் காலம் ஆகவேண்டியிருந்தது.

பிற்கால நிலை

1960இல் பெர்லின் திரைப்பட விழாவின் போட்டியில் படம் கலந்துகொண்டது. 32ஆவது ஆஸ்கர் விருதுகளின் அயல்மொழிப் பட வரிசைக்கு எகிப்து இதையே அனுப்பியது. இறுதிப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. எகிப்தின் சிறந்த 100 படங்கள் என்று 1996இல் தொகுக்கப்பட்ட பட்டியலில் இதற்கு முன்வரிசையில் இடம் உண்டு.

இதன் தடத்தில் வந்த படங்கள் இன்னும் கசப்பானவை. யஹ்யா ஹக்கியின் குறுநாவலிலிருந்து ஹுசைன் கமால் எடுத்த ‘அல்-பூஸ்தகி’ (1968) படத்தில், மேல் எகிப்தின் கிராமமொன்றுக்கு வரும் அஞ்சலக அதிகாரி அலுப்பில் ஊரார் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார். அதனால் தடைப்பட்ட ஒரு கடிதப் போக்குவரத்து, காதலித்துக் கருவுற்ற பெண் தன் தந்தை கையாலேயே சாவதில் முடிகிறது. அண்ணன் தங்கையைக் கொல்லும் நாட்டார் கதையை அலி பத்ரகான் ‘ஷஃபீகா வ மித்வல்லி’ (1978) ஆக எடுத்தார். யஹ்யா தாஹிர் அப்துல்லாவின் எழுத்தைத் தழுவிய கைரி பிஷாராவின் ‘அல்-தவ்க் வல்-இஸ்விரா’ (1986) லக்ஸர் வட்டாரத்தின் வறுமைக்குள் வைத்து இதே மானத்தைப் பார்த்தது. இவற்றில் காதலுக்குக் கிடைக்கும் இடம் படத்துக்குப் படம் குறைந்துகொண்டே போகிறது.

சட்டம் இவ்வளவு தூரம் நகரவில்லை. 1937ஆம் ஆண்டின் எகிப்தியத் தண்டனைச் சட்டத்தில் 237ஆம் பிரிவு, மனைவியைப் பிறனோடு கண்ட கணவன் அந்த இடத்திலேயே கொன்றால் கொலைக்குரிய தண்டனையிலிருந்து அவனைக் காக்கிறது. இதே சலுகை மனைவிக்கு இல்லை. தந்தையரும் சகோதரர்களும் தாய்மாமன்களும் இந்தப் பிரிவுக்குள் வருவதில்லை. ஆனால் சூழ்நிலையைக் கருதித் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு 17ஆம் பிரிவு தரும் உரிமை அவர்களுக்கு உதவியிருக்கிறது. கடத்திக் கெடுத்தவன் அந்தப் பெண்ணையே மணந்தால் தண்டனை இல்லை என்ற 291ஆம் பிரிவு 1999இல் நீக்கப்பட்டது. 237ஆம் பிரிவு நீடிக்கிறது.