கடல் புறாவும் ஆம்பூர் நடுகல்லும்



வைக்கிங்குகளைப் பற்றிய ஆங்கில நாவல் ஒன்றை இரண்டே இரவில் படித்து முடித்ததாக, வெளிநாட்டில் வேலை செய்யும் நம் பழைய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். "நம்மிடம் இவ்வளவு விறுவிறுப்பாக எதுவும் இல்லையே சார்?" என்றும் கேட்டிருந்தார்.

ஏன் இல்லை? சாண்டில்யனின் 'கடல் புறா' இருக்கிறதே! மூன்று பாகங்கள். குமுதத்தில் தொடர்கதையாக வந்தது. அடுத்த வாரம் வரை வாசகர் காத்திருக்க வேண்டும் அல்லவா? அதனால் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு வாள் வீச்சிலோ, கதவு திறக்கும் ஓசையிலோ போய் நிற்கும். கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் சிக்கிக்கொள்ளும் கருணாகரத் தொண்டைமான், அரபு நாட்டு அமீர், சீனக் கடற்கொள்ளைத் தலைவன் அகூதா, கடாரத்து இளவரசி காஞ்சனா தேவி... இந்த வயதிலும் கீழே வைக்க மனம் வரவில்லை.

இதில் வரலாறு எவ்வளவு? கருணாகரன் உண்மையில் வாழ்ந்தவன். முதல் குலோத்துங்கனின் படைத்தலைவனாகக் கலிங்கத்தை வென்றவன் என்று ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி பாடுகிறது. அவனுடைய கடல் சாகசங்கள் சாண்டில்யனின் கற்பனை. ஆனால் சோழர் கப்பல்கள் கடாரம் போனது கற்பனை அல்ல. 1025-இல் முதலாம் ராஜேந்திரன் அனுப்பிய படை ஸ்ரீவிஜயம், கடாரம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று வரிசையாகத் தாக்கியதை அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. கடாரத்து அரசனையும் யானைகளையும் பிடித்ததும், கருவூலத்தையும் வித்யாதர தோரணத்தையும் கைப்பற்றியதும் அதிலேயே இருக்கின்றன.

காலத்தைக் கவனியுங்கள். ராஜேந்திரன் அரியணையில் இருந்தது 1014 முதல் 1044 வரை. டென்மார்க்கைச் சேர்ந்த கனூட் இங்கிலாந்தின் அரசனானது 1016-இல். ஒரே தலைமுறையில் வட கடலில் ஒரு கடல் மன்னன், வங்கக் கடலில் ஒரு கடல் மன்னன்.

சரி, பெருமைப்பட்டாயிற்று. இப்போது ஒரு கேள்வி. கப்பல் வந்து இறங்கிய கரையில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? மெய்க்கீர்த்தியில் அவர்கள் இல்லை. வென்றவன் எழுதியது அது. சாகச நாவலும் பெரும்பாலும் கப்பலில் இருப்பவன் பக்கமே நிற்கும். வேகமாக ஓடும் கதைக்கு, எரிந்த வீட்டின் முன் நிற்க நேரம் ஏது?

அந்த மறுபக்கத்தைப் பார்க்கக் கடாரம் போக வேண்டாம். நம் ஒடுகத்தூரிலிருந்து மாதனூர் வழியாக ஆம்பூர் போனால் போதும். 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26-ஆம் ஆட்சியாண்டில், நுளம்பர் படை மாடு பிடிக்க ஆம்பூர்ப் பக்கம் வந்தது. எதிர்த்து நின்று இறந்த வீரனுக்கு நடுகல் எடுத்தார்கள். அங்கே இங்கிலாந்தில் வைக்கிங்குகளின் பெரும்படை வந்து இறங்கியது 865-இல். ஏறக்குறைய அதே காலம்தான்!

மாட்டுக்காகவா சாவு என்று நினைக்காதீர்கள். 'மாடு' என்றால் தமிழில் செல்வம் என்றும் பொருள். வள்ளுவர் கல்வி அதிகாரத்தில் அப்படித்தான் ஆள்கிறார். வைக்கிங்குகளின் பழைய மொழியிலும் 'ஃபே' என்ற ஒரே சொல் கால்நடையையும் செல்வத்தையும் குறித்தது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை பார்த்து வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்கு ஆடு மாடு போனால் அந்த வருடச் சாப்பாடே போயிற்று.

நடுகற்கள் எல்லாமே காத்தவர்களுக்கு மட்டும் அல்ல. மாடு கவரப் போய் மடிந்தவர்களுக்கும் கல் உண்டு. இரு பக்கத்துச் சாவையும் ஊர் நினைவில் வைத்தது. மெய்க்கீர்த்தி செய்யாததை நடுகல் செய்தது. அதனால்தான் எனக்கு அது பெரிய வரலாற்று நூல்.

ஆகவே பிள்ளைகளே, 'கடல் புறா'வைப் படியுங்கள். வைக்கிங் நாவலையும் படியுங்கள். நன்றாக ரசியுங்கள். முடித்தபின், கரையில் நின்றவன் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டுப்பாடமும் உண்டு. நம் பக்கத்து ஊர்களில் வேடியப்பன் என்று கும்பிடும் கற்களில் பல, நடுகற்களே. அடுத்த முறை ஊருக்கு வரும்போது போய்ப் பாருங்கள். எழுத்து தெரிந்தால் படம் எடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள். கல்லைச் சுரண்ட வேண்டாம். யாராவது பெயிண்ட் அடிக்கக் கிளம்பினால், பக்குவமாக எடுத்துச் சொல்லித் தடுங்கள். ஆயிரம் ஆண்டு தாங்கிய பெயர், ஒரு டப்பா பெயிண்டில் மறைந்துவிடக் கூடாது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், ஒடுகத்தூர்